திருச்சி–யாழ்ப்பாணம்: விமானத் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடும் முழு வழிகாட்டி

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஆகாய வழியில் எவ்வளவு தூரம் என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் என்று ஒருவர் சொல்வார், எழுநூறு என்று இன்னொருவர் சொல்வார். பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு, குடியேற்ற வரிசையில் நின்று போக வேண்டிய ஊர் என்பதால் மனசுக்குள் தூரம் தானாகவே கூடிவிடுகிறது. உண்மையான தூரம் சுமார் 184 கி.மீ.தான். திருச்சி, கோவை விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோடு போட்டு அளந்தாலும் ஏறக்குறைய இதே எண்தான் வரும்.

அப்படியானால் விமானம் எவ்வளவு நேரம் பறக்க வேண்டும்? மணிக்கு 500 கி.மீ. வேகம் என்றால் இருபத்திரண்டு நிமிடம். ஆனால் டிக்கெட்டில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. நடுவில் காணாமல் போன அந்த நாற்பது நிமிடத்துக்கு முழுக் கணக்கு உண்டு. அதைப் போடத் தெரிந்துவிட்டால் எந்த இரண்டு சிறு விமான நிலையங்களுக்கும் நீங்களே நேரம் சொல்லிவிடலாம். பள்ளிக்கூடக் கணக்கும் கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரும் போதும்.

இந்த வழித்தடத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கியது. கொரோனா காலத்தில் நின்றுபோன சேவை 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. இண்டிகோ 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் சேவை தொடங்கியது. குறுகிய தூரம், சிறிய விமானம், நடுவில் கடல், இரண்டு நாடுகள் என்று கணக்கில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் இந்த ஒரே வழியில் இருக்கிறது.

படி 1: எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு?

ஊருக்கும் ஊருக்கும் தூரம் வேறு, விமான நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் தூரம் வேறு. இணையத்தில் "திருச்சி யாழ்ப்பாணம் தூரம்" என்று தேடினால் வருவது பெரும்பாலும் ஊர் நடுவிலிருந்து எடுத்த அளவு. பலாலி விமான நிலையம் யாழ் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கி.மீ. தள்ளி, கடற்கரையை ஒட்டி இருக்கிறது. மொத்தமே 184 கி.மீ. இருக்கும் பயணத்தில் 16 என்பது சின்ன விஷயமல்ல.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பொதுவாக அது ஓடுதளத்தின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். அதன் அட்சரேகை, தீர்க்கரேகைதான் நமக்கு வேண்டும். பெயரை வைத்துத் தேடாமல் மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேடினால் குழப்பம் வராது. திருச்சிக்கு டிஆர்இசட், யாழ்ப்பாணத்துக்கு ஜேஏஎஃப்.

திருச்சி: வடக்கு 10 டிகிரி 45 நிமிடம் 55 விநாடி, கிழக்கு 78 டிகிரி 42 நிமிடம் 35 விநாடி.
பலாலி: வடக்கு 9 டிகிரி 47 நிமிடம் 32 விநாடி, கிழக்கு 80 டிகிரி 4 நிமிடம் 12 விநாடி.

இங்கே நிமிடம், விநாடி என்பவை நேரமல்ல, டிகிரியின் பகுதிகள். இவற்றைத் தசமத்துக்கு மாற்ற வேண்டும். நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்டினால் சரி. திருச்சிக்கு 10 + 45/60 + 55/3600, அதாவது 10.765. இதே முறையில் திருச்சியின் தீர்க்கரேகை 78.710, பலாலி 9.792, 80.070.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். 10 டிகிரி 45 நிமிடத்தை அப்படியே 10.45 என்று கால்குலேட்டரில் தட்டிவிடுவது. அந்த ஒரு தவறே திருச்சி விமான நிலையத்தை 35 கி.மீ. தெற்கே நகர்த்தி, புதுக்கோட்டைப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிடும்.

படி 2: தூரம்

குறுகிய தூரத்துக்கு உலகம் உருண்டை என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். செங்கோண முக்கோணக் கணக்கே போதும். விமானிகள் கிலோமீட்டரில் யோசிப்பதில்லை, கடல் மைலில்தான் யோசிப்பார்கள். அதில் ஒரு வசதி இருக்கிறது: அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது தரையில் ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

முதலில் வடக்கு-தெற்கு வித்தியாசம்: 10.765-லிருந்து 9.792-ஐக் கழித்தால் 0.973 டிகிரி. அதை 60-ஆல் பெருக்கினால் 58.4 நிமிடம், அதாவது 58.4 கடல் மைல்.

அடுத்தது கிழக்கு-மேற்கு வித்தியாசம்: 80.070-லிருந்து 78.710 போக 1.360 டிகிரி, 81.6 நிமிடம். இதை அப்படியே கடல் மைலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கிக்கொண்டே போகின்றன. எனவே இரண்டு ஊர்களின் சராசரி அட்சரேகைக்கு காஸ் மதிப்பை (கால்குலேட்டரில் cos) எடுத்துப் பெருக்க வேண்டும். சராசரி 10.28 டிகிரி, அதன் காஸ் 0.984. ஆக 81.6 × 0.984 = 80.3 கடல் மைல்.

இனி பித்தாகரஸ். 58.4-இன் வர்க்கம், 80.3-இன் வர்க்கம், இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 99.3. அதாவது திருச்சிக்கும் பலாலிக்கும் நடுவே நூறு கடல் மைல்கூட இல்லை. 1.852-ஆல் பெருக்கினால் 184 கி.மீ.

சென்னை–யாழ்ப்பாணத்துக்குப் போட்டால் கணக்கு இன்னும் எளிது. சென்னை விமான நிலையம் வடக்கு 12.990, கிழக்கு 80.169. பலாலியும் கிட்டத்தட்ட அதே தீர்க்கரேகையில்தான் இருக்கிறது, நேர் தெற்கே. கிழக்கு-மேற்கு வித்தியாசத்தை விட்டுவிட்டு 3.198 டிகிரியை 60-ஆல் பெருக்குங்கள்: 192 கடல் மைல், சுமார் 356 கி.மீ. மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

தூரம் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டினால் ஹேவர்சைன் சூத்திரத்துக்குப் போவது நல்லது. வழி இதுதான்: அட்சரேகை வித்தியாசத்தில் பாதியின் சைன் வர்க்கத்தை எடுங்கள். தீர்க்கரேகை வித்தியாசத்தில் பாதியின் சைன் வர்க்கத்தை எடுத்து, இரண்டு அட்சரேகைகளின் காஸ் மதிப்புகளாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் கண்டு, அதன் நேர்மாறு சைனை இரட்டிப்பாக்கினால் கோணம் கிடைக்கும். டிகிரியில் இருந்தால் 111.2-ஆல் பெருக்க, கிலோமீட்டர். திருச்சி–சிங்கப்பூருக்கு இப்படிப் போட்டால் சுமார் 2,980 கி.மீ. வரும். வேடிக்கை என்னவென்றால், நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், பித்தாகரஸில் போட்டாலும் விடை ஐந்து கிலோமீட்டர்கூட மாறாது. திருச்சி–லண்டனுக்கு அந்தக் குறுக்கு வழியைப் போட்டுவிடாதீர்கள், அங்கே கணக்கு எங்கேயோ போய்விடும்.

படி 3: கோடு எந்த ஊர்கள் மேல் போகிறது?

தூரத்தோடு திசையும் தெரிந்தால்தான் காற்றுக் கணக்கு போட முடியும். தெற்கே 58.4, கிழக்கே 80.3 என்பதால் கோடு தெற்கிலிருந்து கிழக்குப் பக்கமாக 54 டிகிரி சாய்ந்திருக்கிறது. வடக்கைச் சுழியமாக வைத்து வலமாக எண்ணினால் 126 டிகிரி. தென்கிழக்கு என்று சொல்லலாம்.

வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தால், திருச்சியிலிருந்து கிளம்பி புதுக்கோட்டை நகருக்கு வடக்கே போய், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, அதிராம்பட்டினத்துக்கும் மல்லிப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் கரையைத் தாண்டுகிறது. அதற்கப்புறம் பலாலி வரை பாக் நீரிணைதான். மொத்தத் தூரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், நூறு கி.மீ.யை ஒட்டி, கடல்.

ஜன்னல் இருக்கை கிடைத்தால் போகும்போது இடது பக்கம் உட்காருங்கள். வானம் தெளிவாக இருந்தால் முத்துப்பேட்டைக் காயலும் அலையாத்திக் காடும், அதற்கப்பால் கோடியக்கரை முனையும் அந்தப் பக்கம்தான். இந்த வழியில் ஓடும் ஏடிஆர் என்ற சிறிய ரக விமானத்தில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்க மறைப்பு குறைவு.

படி 4: விமானம் கோட்டின் மேலேயே பறப்பதில்லை

184 என்பது ஓடுதள நடுவிலிருந்து ஓடுதள நடுவுக்கு. நிஜத்தில் விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், எதிர்த்துத்தான் இறங்கும். திருச்சி ஓடுதளம் கிழக்கு-மேற்காகக் கிடக்கிறது. கீழைக்காற்று அடித்தால் கிழக்கு நோக்கி எழும்பி, லேசாக வலப்பக்கம் திரும்பினால் போதும், வழி கிடைத்துவிடும். மேலைக்காற்று நாளில் மேற்கே, அதாவது போக வேண்டிய ஊருக்கு எதிர்ப்பக்கம் எழும்பி, அரை வட்டம் போட்டு வர வேண்டும்.

பலாலியில் ஓடுதளம் வடகிழக்கு-தென்மேற்காக இருக்கிறது. விமானம் வருவதோ வடமேற்கிலிருந்து. ஆகவே எந்தப் பக்கம் இறங்கினாலும் கிட்டத்தட்ட ஒரு செங்கோணத் திருப்பம் கட்டாயம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் பக்கமாகப் போய் வடகிழக்கிலிருந்து திரும்பி இறங்கும். வடகிழக்குக் காற்றுக் காலத்தில் குடாநாட்டின் தென்மேற்குப் பக்கமாக வந்து இறங்கும். இதோடு, சென்னைக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்கு வான்வெளி மாறும் இடத்தை நிர்ணயித்த புள்ளிகள் வழியாகத்தான் கடக்க வேண்டும்.

இதற்கெல்லாம் சேர்த்து நான் 30 கி.மீ. கூட்டிக்கொள்வேன். 184 + 30 = 214. சிங்கப்பூர்ப் பயணத்திலும் இந்தத் திருப்பங்கள் உண்டு, ஆனால் மூவாயிரத்தில் முப்பது யாருக்கும் தெரியாது. குட்டிப் பயணத்தில் ஆறில் ஒரு பங்காகிவிடுகிறது. நீண்ட பயணத்துக்குப் பழகிய சூத்திரங்கள் இங்கே பொய் சொல்வதற்கு இது முதல் காரணம்.

படி 5: விமானம் எது?

தூரம் கேட்டால் நேரமும் சேர்த்துச் சொல்லும் இணையதளங்கள் பல. அவற்றில் நிறைய தளங்கள் மணிக்கு 500 மைல், அதாவது சுமார் 805 கி.மீ. என்று ஜெட் வேகத்தை வைத்து, மேலே அரை மணி நேரம் கூட்டிக் கொடுக்கின்றன. நம் வழிக்குப் போட்டால் 14 நிமிடம் + 30 நிமிடம் = 44 நிமிடம். சில தளங்கள் அந்த அரை மணியையும் கூட்டுவதில்லை. "பறக்கும் நேரம் 14 நிமிடம்" என்று கூசாமல் சொல்லும்.

யாழ்ப்பாணத்துக்குப் போவது ஜெட் அல்ல, ஏடிஆர் 72. சுழல்விசிறி வைத்த விமானம். இண்டிகோவின் ஏடிஆரில் 78 இருக்கை, வரிசைக்கு இரண்டும் இரண்டுமாக. உச்சபட்சப் பயண வேகம் மணிக்கு 510 கி.மீ. வரை. சுமார் 1,300 மீட்டர் ஓடுதளம் இருந்தாலே எழும்பிவிடும் என்பதால்தான் பலாலி மாதிரி சிறிய ஓடுதளங்களுக்கு இது தோதாக இருக்கிறது.

இனி நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்போம். இந்தச் சிறிய தூரத்துக்கு விமானம் உச்ச உயரத்துக்குப் போகாது. 13,000 அடி என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணுக்கும் ஒரு முறை உண்டு. கிழக்குப் பாதியை நோக்கிப் பறப்பவை 11,000, 13,000, 15,000 என்று ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்குப் பாதியை நோக்கிப் பறப்பவை இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறக்க வேண்டும். எதிரெதிரே வரும் விமானங்களுக்கு நடுவே ஆயிரம் அடி இடைவெளி தானாகக் கிடைக்கும். 126 டிகிரி கிழக்குப் பாதி, ஆகவே ஒற்றைப்படை. திரும்பி வரும்போது 12,000 அல்லது 14,000.

ஏறுவது: நிமிடத்துக்குச் சராசரி 1,200 அடி என்று எடுத்தால் 13,000 அடிக்கு 11 நிமிடம். ஏறும்போது வேகம் குறைவு, மணிக்கு 330 கி.மீ. என்றால் இந்த 11 நிமிடத்தில் 60 கி.மீ. போயிருக்கும்.

இறங்குவது: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 13 × 3 = 39 கடல் மைல், 72 கி.மீ. சராசரி மணிக்கு 400 கி.மீ. என்றால் 11 நிமிடம். கடைசியில் சக்கரத்தை இறக்கி வேகத்தைக் குறைத்து வருவதற்கு இன்னொரு 4 நிமிடம்.

மிச்சம் இருப்பது 214 − 60 − 72 = 82 கி.மீ. இதுதான் முழு வேகத்தில் பறக்கும் பகுதி. மணிக்கு 500-இல் பத்தே நிமிடம்.

கூட்டினால் 11 + 10 + 11 + 4 = 36 நிமிடம். ஓடுதளத்தை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தரை தொடும் வரை ஆகும் நேரம் இவ்வளவுதான். இதில் விமானத்தின் பெயருக்கேற்ற வேகத்தில் பறந்தது பத்து நிமிடம் மட்டுமே. ஏடிஆருக்குப் பதில் பெரிய ஜெட் ஒன்றை விட்டிருந்தால் எவ்வளவு மிச்சம் என்று யோசித்தால், ஐந்தாறு நிமிடம் தேறும், அவ்வளவுதான். அது வேகம் எடுத்து முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும், எரிபொருள்தான் வீண்.

படி 6: காற்று

குட்டிப் பயணத்தில் காற்றுக்குப் பெரிய பங்கு இல்லை என்றாலும் இந்த வழியில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, சில ஆயிரம் அடி உயரத்தில் பலமான மேலைக்காற்று ஓடும். அது 260 டிகிரியிலிருந்து 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்தில் அடிப்பதாகக் கொள்வோம். நம் பாதை 126. காற்று போகும் திசை 80. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 46 டிகிரி. 30-ஐ அதன் காஸால் பெருக்கினால் 21 நாட் பின்னாலிருந்து தள்ளும். போகும்போது மூன்று நிமிடம் லாபம், வரும்போது அதைவிடச் சற்றுக் கூடுதல் நட்டம்.

வடகிழக்குக் காற்றுக் காலத்துக்கு இதே கணக்கைப் போட்டால் காற்று ஏறக்குறைய முழுவதும் பக்கவாட்டில் அடிக்கிறது. போகவும் உதவி இல்லை, வரவும் தொல்லை இல்லை. நேரத்தைக் கெடுப்பது அப்போது காற்றல்ல, மழை மேகம். இடி மேகத்தைச் சுற்றிப் போவதற்கோ, பலாலிக்கு மேல் மழை விடட்டும் என்று வட்டமடிப்பதற்கோ போகும் பத்து நிமிடத்தை எந்தச் சூத்திரத்திலும் அடக்க முடியாது.

படி 7: டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரமல்ல

அட்டவணையில் போடும் புறப்பாடு, விமானம் எழும்பும் நேரமல்ல. சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நேரம். வருகை என்பதும் தரை தொடும் நேரமல்ல, நின்று மறுபடி முட்டுக்கட்டை வைக்கும் நேரம். ஆகவே இரண்டு பக்கமும் தரையில் ஓடும் நேரத்தைச் சேர்க்க வேண்டும். திருச்சியில் எட்டு நிமிடம், சின்ன நிலையமான பலாலியில் ஐந்து நிமிடம் என்று வையுங்கள். 36 + 13 = 49.

மீதி பத்துப் பதினோரு நிமிடம்? அது விமான நிறுவனம் தனக்கு வைத்துக்கொள்ளும் மெத்தை. ஓடுதளம் காலியாகக் காத்திருப்பது, காற்று மாறி எதிர்ப்பக்கம் எழும்புவது எல்லாம் அதில் அடங்கும். எதுவும் நடக்காத நாளில், "பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வரும். பயணிகளும் மகிழ்ச்சியாகக் கை தட்டாத குறைதான். விமானி விரட்டியதால் அல்ல, அட்டவணை தாராளமாக இருந்ததால்.

இதிலிருந்து ஏடிஆருக்கு ஒரு குறுக்கு வழி கிடைக்கிறது. நேர்கோட்டுத் தூரத்தில் ஒவ்வொரு 100 கி.மீ.க்கும் 12 நிமிடம், அதோடு 27 நிமிடம் நிலையாகக் கூட்டுங்கள். இது நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை. அட்டவணை நேரம் வேண்டுமானால் இன்னொரு பத்து. திருச்சி–யாழ்ப்பாணம்: 22 + 27 + 10, ஒரு மணி நேரம். சென்னை–யாழ்ப்பாணம்: 43 + 27 + 10, ஒரு மணி இருபது நிமிடம். தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகியும் நேரம் கூடியது இருபது நிமிடமே. ஜெட்டுக்கு 100 கி.மீ.க்கு 7 நிமிடம், நிலையாக 30. திருச்சி–சிங்கப்பூருக்குப் போட்டால் நான்கு மணி நேரம் வரும். தூரம் 16 மடங்கு, நேரமோ நான்கே மடங்கு.

படி 8: கடிகாரம்

இந்தியாவும் இலங்கையும் இப்போது ஒரே நேரம், உலக நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். 1996 முதல் 2006 வரை இலங்கை வேறு நேரத்தில் ஓடியது, அது பழைய கதை. சிங்கப்பூருக்கு மட்டும் இரண்டரை மணி கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். டிக்கெட்டில் இரு முனையிலும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும்.

படி 9: வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரை

என்னைக் கேட்டால், 36 நிமிடத்தை 35 ஆக்குவதில் மூளையைச் செலவழிப்பதைவிட இந்தப் படியில் செலவழிக்கலாம். பிற்பகல் 1 மணி விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் கோவை அளவுதான் என்றாலும் இது சர்வதேசப் பயணம்; மூன்று மணி நேரம் முன்னதாக, 10 மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும். திருச்சி நகரிலிருந்தால் 9.30-க்குக் கிளம்பினால் போதும். தஞ்சாவூர், கரூர், புதுக்கோட்டையிலிருந்து வருபவர்கள் 8 மணிக்காவது புறப்பட வேண்டும். பலாலியில் 2 மணிக்கு இறங்கி, குடியேற்றமும் சுங்கமும் முடித்துப் பெட்டியை எடுக்க முக்கால் மணி. யாழ் நகருக்கு வண்டியில் இன்னொரு முக்கால் மணி. மூன்றரை மணிக்கு நகரில் இருப்பீர்கள். மொத்தம் ஆறு மணி நேரம், அதில் காற்றில் இருந்தது 36 நிமிடம்.

அப்புறம் விமானம் எதற்கு என்று தோன்றலாம். மற்ற வழிகளுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் தூரம் சுமார் 420 கி.மீ. ஆனால் இறங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்கு ரயிலிலோ பேருந்திலோ ஆறு முதல் எட்டு மணி நேரம் வடக்கே திரும்பி வர வேண்டும். ஒரு முழு நாள் போய்விடும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல் தூரம் சுமார் 60 கடல் மைல், பயணம் நான்கு மணி நேரம். இதோடு திருச்சியிலிருந்து நாகைக்கு மூன்றரை மணி நேரமும், கப்பல் ஏறுமுன் குடியேற்ற வரிசையும் சேரும். கூடுதல் பெட்டிகளோடு போகிறவர்களுக்குக் கப்பல் தோது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும், அதை நம்பிக் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க வேண்டாம்.

பெட்டி என்றதும் ஒன்று. ஏடிஆரில் தலைக்கு மேல் இருக்கும் தட்டு சிறியது. பெரிய விமானத்தில் கையோடு எடுத்துப் போகும் உருளைப் பெட்டி இங்கே நுழையாமல் போகலாம். ஏறும் இடத்திலேயே வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். மருந்து, பாஸ்போர்ட், நகை, சார்ஜர் இவற்றைத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் ஏறுவதும் இறங்குவதும் வால்பக்கக் கதவு வழியாகத்தான், எனவே சீக்கிரம் இறங்கி வரிசையில் முன்னால் நிற்க வேண்டும் என்றால் பின்வரிசை இருக்கையைக் கேளுங்கள். முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டி உட்கார்ந்தால் கடைசியில்தான் இறங்குவீர்கள்.

படி 10: கணக்கைச் சரிபார்ப்பது

தூரத்துக்கு கூகுள் எர்த்தின் அளவுகோலை இரண்டு ஓடுதளங்களின் நடுவே இழுத்துப் பாருங்கள். 184-க்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் முன்பின் இருந்தால் உங்கள் கணக்கு சரி. நேரத்துக்கு ஃபிளைட்ரேடார்24 மாதிரியான தளத்தில் அந்த விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களின் பதிவு கிடைக்கும். அட்டவணை நேரத்தைப் பார்க்காதீர்கள், உண்மையில் எழும்பிய நேரத்தையும் தரை தொட்ட நேரத்தையும் எடுங்கள். ஒரு நாளை வைத்து முடிவு கட்டாமல் ஒரு வாரத்தைப் பார்த்தால் எந்தப் பக்கம் இறங்கிய நாளில் எவ்வளவு நேரம் கூடியது என்பதுகூடத் தெரியும். வரைபடத்தில் பாதையைப் பார்த்தால் நான்காம் படியில் சொன்ன திருப்பங்கள் அப்படியே கண்ணில் படும்.

அதே தளத்தில் இன்னொன்றும் பார்க்கலாம். இந்த மாதிரி குட்டி வழிகளில் போன விமானமே திரும்பி வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும் நாளில் உங்கள் விமானம் திருச்சியை விட்டுக் கிளம்பிவிட்டதா என்று பார்த்துவிட்டால், நிலையத்தின் அறிவிப்புப் பலகைக்கு முன்பே தாமதம் உங்களுக்குத் தெரிந்துவிடும். அது ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருந்தால் நீங்களும் ஏறக்குறைய அவ்வளவு தாமதமாகத்தான் வருவீர்கள். திருச்சியில் இறங்கி வேறொரு டிக்கெட்டில் அடுத்த விமானம் பிடிப்பதாக இருந்தால், குடியேற்றம் முடித்து, பெட்டி எடுத்து, மறுபடி உள்ளே நுழைந்து ஒப்படைக்க வேண்டும்; குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். இரவு ரயில் என்றால் இரண்டரை மணி போதும், திருச்சி விமான நிலையத்திலிருந்து ரயில்வே ஜங்ஷன் பக்கம்தான்.